மார்ட்டினுக்குப் பதிலாக

மார்ட்டின் என்று ஒருவர் கிடையாது. அந்தப் பெயரில் எழுதியவன் நான்.

சொல்லவேண்டியவளிடம் சொல்லத் துணிவில்லாமல் உங்களிடம் சொல்கிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். சூரத்தில் சாயப்பட்டறை, நாக்பூரில் லாரி, பிறகு ஒரு பிரவுசிங் சென்டர்... அங்கேதான் புரோகிராம் எழுதக் கற்றேன். இப்போது காட்டூர் தாண்டி ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளன்.

சென்ற பருவத்தில் ஒரு புதுப் பாடம் வந்தது. உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதி, எல்லோருக்கும் இலவசமாகத் தரும் மென்பொருளில் மாணவர்களும் பிழை திருத்த வேண்டும். திருத்தத்தை இணையத்தில் அனுப்பினால் அதை நடத்துகிறவர்கள் பார்த்து, சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள்.

முசிறிப் பெண் கலைவாணி அனுப்பினாள். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக உடைந்து தெரிந்த கோளாறுக்கு அவளுடைய திருத்தம். வாரங்கள் போயின. பதிலே இல்லை. தினமும் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே லேபுக்கு வந்து பார்ப்பாள்.

"நம்மளையெல்லாம் யாருண்ணா பார்க்கப் போறாங்க? விட்டுடறேன்."

அன்று மத்தியானமே அந்தத் தளத்தில் புதுப் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன்; மார்ட்டின் பிறந்தான். 'நல்ல வேலை. இந்த இடத்தை மட்டும் மாற்றிப் பார்' என்று ஆங்கிலத்தில் எழுதினான்.

நானே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். லேப் அண்ணன் மெச்சினால் அது ஒரு பொருட்டா?

"அண்ணா, மார்ட்டின் இங்கிலீஷ் உங்க இங்கிலீஷ் மாதிரியே தப்புத்தப்பா இருக்கு."

"வெளிநாட்டுலயும் என்னை மாதிரி ஆளுங்க இருப்பாங்கல்ல?" என்றேன். சிரித்தாள். அன்றே உட்கார்ந்து மாற்றினாள். திரும்பத் திரும்ப மாற்றினாள்.

கடைசியில் நிஜமான ஆட்கள் கண் விழித்து, அவள் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். முழுக்க அவள் உழைப்பு. இனி மார்ட்டின் எதற்கு என்று அந்தக் கணக்கையே அழித்துவிட்டேன்.

அங்கேதான் தவறினேன். காணாமல் போகிறவனை ஒருத்தி தேடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ ஊரை விட்டுச் சொல்லாமல் கிளம்பியிருக்கிறேன்... என்னை யாரும் தேடியதில்லை.

"மார்ட்டின் பேரே அங்க இல்லண்ணா. அவருக்கு உடம்புக்கு ஏதாச்சும் ஆயிருக்குமோ?"

பரீட்சை முடிந்து பிள்ளைகள் எல்லோருமாக ஸ்ரீரங்கம் போனோம். தாயார் சன்னதியில் அவள் வெகுநேரம் கண்மூடி நின்றாள்.

"அவர் பேரைச் சொல்லி வேண்டிக்கிட்டேண்ணா. வேற சாமி கும்பிடறவரா இருந்தாலும் தாயார் கோச்சுக்க மாட்டாங்கல்ல?"

சொல்லிவிட வாயெடுத்தேன்... "மாட்டாங்க" என்றுதான் வந்தது.

பிரசாதக் கடையில் எல்லோருக்கும் புளியோதரை வாங்கினாள். என் தொன்னையைக் கொடுத்துவிட்டு இன்னொன்றையும் நீட்டினாள்.

"இது மார்ட்டினுக்கு. அவருக்குப் பதிலா நீங்க சாப்பிடுங்கண்ணா."

வாங்கிக்கொண்டேன். நல்ல பசி வேறு. அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றேன்.