மாம்பலம் ஃபைவ் ஹண்ட்ரட்

எதிர் வீட்டு அக்கா எனக்கு வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினார். அது வந்த அன்று மாலையே அவர் வீட்டிலிருந்து வத்தக்குழம்பும் வந்தது. குழம்பைக் கொண்டுவந்த அவருடைய கணவர், "லெட்டரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, பாத்திரத்த மெதுவா குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டு வேகமாகத் தெருவைக் கடந்துவிட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு தெரு. டெக்சஸில் இருக்கும் ஃபிரிஸ்கோ ஊர்த் தெரு என்பதால் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். அந்தத் தபால் தபால் நிலையம் போய், டாலஸ் போய், மூன்று நாள் ஊர் சுற்றிவிட்டு அந்தத் தெருவைக் கடந்திருந்தது.

'மாம்பலம் ஃபைவ் ஹண்ட்ரட்' என்ற பந்தயத் தொடரின் பெயருக்கு டிரேட்மார்க் கேட்டுத் தான் விண்ணப்பித்திருப்பதாகவும், அந்தப் பெயரை நான் பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டும் என்றும் அக்கா எழுதியிருந்தார். இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதம் அது. முதல் வரியில் 'மதிப்புக்குரிய, பெறுபவர் பெயரை இங்கே நிரப்பவும்' என்று அப்படியே விட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த வரிக்காகத்தான். பன்னிரண்டு வருடமாக எதிர் வீட்டில் இருக்கிறேன், என் பெயரை நிரப்ப முடியவில்லையா?

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துக் குறை சொல்வது என் வேலை. குணமும் அதுதான் என்பார் என் கணவர். அப்படிப்பட்ட நான் ஒரு பழைய அமெரிக்கக் காரை வாங்கினேன். அறுபதுகளின் கடைசியில் செய்தது. நீண்ட மூக்கு, இரண்டே கதவு, எட்டு சிலிண்டர். இங்கே இவற்றை மஸில் கார் என்கிறார்கள். அலுவலக வாகன நிறுத்தத்தில் நடந்த ஒரு கார் கண்காட்சியில் இதன் எஞ்சின் உறுமியபோது என் வயிற்றுக்குள் ஏதோ அதிர்ந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு விசித்திரமான ஏக்கம் பிடித்துக்கொண்டது. நான் பிறப்பதற்கு முந்திய அமெரிக்காவில், நான் உட்கார்ந்தே இராத காரில், நான் போயே இராத நெடுஞ்சாலைகளில் ஓட்டிய காலம் திரும்ப வராதா என்று ஏங்கினேன். கண்காட்சிகளில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரத் தாத்தாக்கள், "உங்கள் அப்பாவிடம் இப்படி ஒன்று இருந்ததா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். என் அப்பாவிடம் இருந்தது ஒரு மொபெட். அதுவும் ஆபீஸ் கடனில் வாங்கியது.

அக்கா பல் டாக்டர். என் காரைப் பார்த்துவிட்டு இரண்டே மாதத்தில் அவரும் ஒன்று வாங்கினார். அவருடையது உடனே கிளம்பும், ஆனால் நிற்க யோசிக்கும். என்னுடையது நிற்கும், கிளம்பத்தான் இரண்டு பேர் வேண்டும். கார்புரேட்டரின் வாயில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் அது ஒட்டி மூடிக்கொள்ளும். ஒருவர் பானெட்டைத் திறந்து, அந்த மூடியைப் பாதி திறந்தபடி எதையாவது கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் உள்ளே சாவியைத் திருப்ப வேண்டும். என் கணவரைப் பிடிக்கச் சொன்னேன். எஞ்சின் ஒரு முறை பட்டாசு மாதிரி வெடித்ததும் அவர் கராஜ் கதவு வரை போய்விட்டார். அக்காதான் என் சமையலறையிலிருந்து தாளிக்கிற கரண்டியை எடுத்துவந்து, அதன் காம்பை மூடிக்குள் விட்டு, அசையாமல் பிடித்தார். நாள் முழுவதும் பிறர் வாயைத் திறந்து பிடிப்பவருக்கு இது ஒரு வேலையா? "இன்னும் கொஞ்சம் பெருசா" என்று எஞ்சினிடம் சொல்லிக்கொண்டே பிடித்தார். அன்றிலிருந்து சனிக்கிழமை காலைகளில் அக்கா வந்து நேராக என் சமையலறை இழுப்பறையைத் திறந்து கரண்டியோடு கராஜுக்குப் போவது வழக்கமாயிற்று.

முதல் சனிக்கிழமை இரண்டு கார்களுக்கும் பூஜை போடக் கோயிலுக்குப் போனோம். அர்ச்சகர் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, "எடுங்கோ" என்றார். கரண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால் என் வண்டி கிளம்பவில்லை. எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் விடக் கூடாது என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார். பட்டுப்புடவையும் வேட்டியுமாகப் பதினோரு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளி, நான்கு பழத்தையும் நசுக்கி, மறுபடி பின்னால் தள்ளிவிட்டோம். மடப்பள்ளிக் கரண்டி ஒன்றை வாங்கிக் கிளப்பி, வீடு திரும்பும்போது பெரிய சிக்னலின் நடுவில் வண்டி நின்றது. நாலு பக்கமும் ஹாரன், மெட்ராஸில் நாங்கள் வளர்ந்த பக்கம் மாதிரியே. பக்கத்தில் வந்து நிறுத்திய அக்காவிடம் ஜன்னல் வழியாக, "அக்கா, இது மாம்பலம் ஃபைவ் ஹண்ட்ரட்" என்றேன். இந்த நாட்டில் பெரிய கார் பந்தயங்களின் பெயரில் ஐந்நூறு இருக்கும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அக்கா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார்.

அப்படித்தான் தொடர் பிறந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் குடியிருப்பு வாசலிலிருந்து கோயில் வரை. வேக வரம்பைத் தாண்டினால் தகுதி நீக்கம். வழியில் நிற்காமல் வந்து சேர்பவருக்கு ஓர் எவர்சில்வர் குடம். ஐந்தாறு பேர் சேர்ந்தார்கள். ஒரு அங்கிள் தன் மினிவேனோடு வந்து, இருபத்தைந்து வருடம் ஆனால் எல்லா வண்டியும் கிளாசிக்தான் என்று சட்டப் புத்தகத்தைக் காட்டி வாதாடினார். குடம் மாதாமாதம் அவர் வீட்டுக்கே போயிற்று. "ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ரேஸா? கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்று என் கணவர் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் தொடரின் பெயர் போட்ட டி-ஷர்ட்டும் அச்சடித்துக் கொடுத்தார்.

வினை ஒரு கண்காட்சியில் வந்தது. ஒரு தாத்தா பழைய கதை ஒன்று சொன்னார். யாரோ ஒரு கார் கம்பெனி ஒரு பந்தயத் தொடரின் பெயரைத் தன் காருக்கு வைத்ததாம். அந்தக் கார் அந்தப் பந்தயத்தில் ஓடவே இல்லையாம். ஆனாலும் பெயர் வேறொருவர் சொத்து என்பதால், விற்ற ஒவ்வொரு காருக்கும் கப்பம் கட்டினார்களாம். "பந்தயம் போய்விடும், பெயர்தான் நிற்கும்" என்றார் தாத்தா. நான் அப்போதே மறந்துவிட்டேன். அக்கா மறக்கவில்லை. அதற்கடுத்த வாரம் நான், ரிச்சர்ட்சனில் என் ஆபீஸ் ஆட்களோடு இன்னொரு மாம்பலம் ஃபைவ் ஹண்ட்ரட் நடத்தலாமா என்று வாட்ஸப் குழுவில் விளையாட்டாகக் கேட்டேன். அக்காவிடம் தனியாகக் கேட்கவில்லை. அதற்குப் பதில்தான் ரிஜிஸ்டர் தபால்.

பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு அன்றிரவே போனேன்.

"பேர் வச்சது நான் அக்கா."

"வச்சது நீ. ஊர் யாரோடது? நான் வெஸ்ட் மாம்பலம். பொறந்ததே அங்க. நீ தி.நகர் சைட்."

"எங்க வீட்லேந்து மாம்பலம் ஸ்டேஷன் நாலு நிமிஷம்."

"ஸ்டேஷன்ல எறங்கறவங்கல்லாம் மாம்பலம் ஆயிட முடியுமா? டிராக்க கிராஸ் பண்ணி இந்தப் பக்கம் வரணும்."

ஒரு ரயில் தண்டவாளத்துக்காக, அது இருக்கும் இடத்திலிருந்து பூமியின் மறுபக்கத்தில் நின்று நாங்கள் இருவரும் குரலை உயர்த்தினோம். அக்காவின் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். கடைசியில் அக்கா, "ரிச்சர்ட்சன்ல போய் ரேஸ் ஓட்டு. அங்க யாராவது கரண்டி புடிப்பாங்க" என்றார். நானும், "புடிப்பாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் பிடிக்க மாட்டார்கள் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

ஆறு சனிக்கிழமை என் கார் கராஜை விட்டு வெளியே வரவில்லை. அக்காவும் தன்னுடையதை எடுக்கவில்லை. குடம் அங்கிள் வீட்டிலேயே இருந்தது. மினிவேன் மட்டும் தனியாகக் கோயிலுக்குப் போய்த் தானே ஜெயித்துத் திரும்பியது. எனக்குச் சனிக்கிழமை காலை என்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜன்னல் திரையை விலக்கி எதிர் வீட்டைப் பார்ப்பேன். அங்கேயும் திரை அசையும். அக்கா இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, அதைப் போய்ச் சொல்ல வீம்பு விடவில்லை.

டிரேட்மார்க் விண்ணப்பங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம் என்று அங்கிள்தான் சொன்னார். அதன் பிறகு நான் பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்ப்பது போல தினமும் அக்காவின் கோப்பைப் பார்த்தேன். டிரேட்மார்க் அலுவலகத்தில் இருந்த ஆய்வாளர் யாரோ பொறுமைசாலி. ஐந்நூறு என்ற எண்ணைத் தனி உரிமையாகக் கேட்க முடியாது என்று முதலில் எழுதினார். அக்கா விட்டுக்கொடுத்தார். மாம்பலம் என்பது ஓர் ஊரா, பந்தயம் அங்கே நடக்கிறதா, அந்த ஊர் பந்தயத்துக்குப் பெயர் பெற்றதா என்று அடுத்துக் கேட்டார். மாம்பலம் பந்தயத்துக்குப் பெயர் பெற்றதல்ல என்று அக்கா உறுதிமொழியோடு எழுதித் தர வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் பையோடு ரயிலைப் பிடிக்க ஓடிய எவரும் அப்படிச் சத்தியம் செய்ய முடியாது. அக்கா மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார், துரைசாமி சப்வேயில் மழைத்தண்ணீர் நின்ற கதை உட்பட. கடைசிக் கேள்வி, இந்தச் சேவை மாம்பலத்திலிருந்து வரவில்லை என்றால் வேறு எங்கிருந்து வருகிறது என்று விளக்கவும் என்பது. அக்காவின் பதில் ஒரே வரி. 'எதிர் வீட்டிலிருந்து வருகிறது. ஆறு வாரமாக வரவில்லை.'

அதை ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தின நாள்தான், வீம்பின் உச்சியில், காரை விற்பதாக விளம்பரம் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை காலை பார்க்க வருவதாக ஒருவர் சொல்லியும் இருந்தார்.

வந்தவர் எழுபது தாண்டிய டெக்சஸ்காரர். தொப்பியைக் கழற்றிக் காருக்கு வணக்கம் சொல்வது போல நின்றார். இப்படி ஒன்றை இளமையில் ஓட்டியவராம், கண் கலங்கியிருந்தது. அவருடைய ஏக்கம் அசல், என்னுடையது இரவல் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. "எஞ்சின் சத்தத்தைக் கேட்கலாமா?" என்றார். சாவியைத் திருப்பினேன். வண்டி இருமிவிட்டு அடங்கியது. மறுபடி திருப்பினேன். பெட்ரோல் நாற்றம்தான் வந்தது. என் கணவர் வாசலில் நின்று, வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அக்கா நைட்டியின் மேல் கிளினிக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பெரியவரைப் பார்க்கவில்லை. நேராக வீட்டுக்குள் போனார். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. கரண்டியோடு வந்து, காம்பை மூடிக்குள் விட்டு, "ம்" என்றார். திருப்பினேன். கராஜில் இருந்த பெயின்ட் டப்பாக்கள் எல்லாம் அதிர, வண்டி கிளம்பியது.

பெரியவர் குனிந்து கரண்டியை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். இது பெரிய பழுது ஒன்றும் இல்லை, இந்த மூடியைத் திறந்து மூட ஒரு சின்னச் சுருள் ஸ்பிரிங் இருக்கிறது, அது செத்துப்போயிருக்கிறது, தன் டிரக்கில் ஒன்று கிடக்கிறது, இருபது நிமிடத்தில் மாற்றிவிடலாம், அதன் பிறகு ஒருவரே கிளப்பலாம்.

"நோ" என்றோம் நானும் அக்காவும், ஒரே நேரத்தில்.

பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அவருக்கு ஒரு டி-ஷர்ட் கொடுத்தேன். அதை மார்பில் வைத்துப் பார்த்துவிட்டு, மாம்பலம் டெக்சஸில் எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஹியர்" என்றார் அக்கா.

அவர் டிரக் தெருமுனை திரும்பியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அக்கா, அந்த ஸ்பிரிங் பத்தி எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடியே ஆர்டர் பண்ணிட்டேன். மாத்தல."

அக்கா கரண்டியைக் கோட்டில் துடைத்தார்.

"தெரியும். கரண்டி ட்ராயர்லதான வச்சிருக்க. எடுக்கும்போதெல்லாம் மேல கெடக்கற ஸ்பிரிங் பாக்கெட்ட தள்ளி வச்சிட்டுதான் எடுப்பேன்."