பட்டியலில் இல்லாத பெயர்

கணவர் காலமானபின் ஜெலுத்தோங் பகுதியில் தனியே வசிக்கிறேன். சென்ற தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில், ஆயர் ஈத்தாம் சீனக் கோயில், பொருட்காட்சிசாலை மூன்றையும் பார்த்துவிட எண்ணி, நேரம் குறித்த பட்டியலோடு புறப்பட்டேன்.

தண்ணீர்மலைப் படிகளில், காவடி நெரிசலில் மயங்கி விழுந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்த ஒரு பெண் கேட்டாள்:

“யாருகூட வந்தீங்க அக்கா? வீட்டுல யாருக்கு ஆள் அனுப்பணும்?”

யாருமில்லை என்று சொல்ல நா எழவில்லை. அடுத்த வீட்டு மரியம்மாளின் பெயரையும் விலாசத்தையும் சொன்னேன். அதுவரை அவரைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி.

ரிக்‌ஷாவில் பதறி வந்திறங்கினார் மரியம்மாள். “ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னாவாம்?”

இப்போது பட்டியலை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டே கிளம்புகிறேன். சென்ற வாரம் பொருட்காட்சிசாலைக்குப் போனபோது, ஐந்து மணிக்குத் திரும்புவேன் என்று எழுதியிருந்தேன். நாலரைக்கே வந்துவிட்டேன், மரியம்மாள் அதற்குள் வாசலில் நின்றிருந்தார்.