சத்தமாகப் படித்த எடை

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு காலை. நான் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் செஞ்சி ராணிக்கோட்டைக்கு அழைத்துப் போயிருந்தோம். பனி விலகவில்லை. எதிரே ராஜகிரி மலை இருந்த இடத்தில் வெறும் வெண்மைதான் தெரிந்தது. முன்னால் ஏறிப் போன பிள்ளைகளின் குரல்கள் மட்டும் எங்கோ வானத்திலிருந்து மிதந்து வந்தன.

பாதிப் படியில் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வகுப்பிலேயே பருமனான பிள்ளை. மூச்சு வாங்குகிறது என்றுதான் நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் கை சில்லென்றிருந்தது, உதடு வெளுத்திருந்தது. உடன் வந்த ஆசிரியையை மற்றவர்களோடு போகச் சொல்லிவிட்டு, அவளை மடியில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"காலைல இன்னா சாப்ட்ட?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

நான்கு நாட்களாக மதியச் சாப்பாட்டையும் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாளாம். வீட்டில் கேட்டால் வயிற்று வலி என்று சொல்லிவிடுவாளாம். கண்ணைப் பாதி மூடியபடி, தூக்கத்தில் பேசுவதுபோல் கேட்டாள்: "டீச்சர், நான் எளச்சிட்டேனா?"

எனக்குச் சுரீரென்றது. முந்தின வாரம்தான் பள்ளியில் எடை பார்த்தோம். நான் சத்தமாகப் படிக்கப் படிக்க இன்னொருவர் எழுதிக்கொண்டார். இவள் முறை வந்தபோது, "அடேயப்பா!" என்று வேறு சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றே மறந்தும் போனேன்.

என் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம். குண்டாயிடுவேன்."

"அன்னிக்கு நான் அப்டிச் சொன்னது தப்பு கண்ணு. எம்மேலதான் தப்பு."

மறுபடி என் பக்கம் திரும்பினாள். "எல்லார்கிட்டயும் சொல்வீங்களா?"

உண்மையைச் சொல்கிறேன், தயங்கினேன். அத்தனை பிள்ளைகள் முன்பா? ஆனாலும் அவர்கள் இறங்கி வந்ததும் படியில் உட்கார வைத்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒல்லியான ஒரு சிறுமி எழுந்து, "என்னையுங்கூட குச்சின்னுதான் கூப்புட்றாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு இவளை ஒட்டி உட்கார்ந்தாள். இருவரும் என் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள். பனி மெல்லக் கலைய, எதிர்மலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

சாயங்காலம் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அம்மா துணிக்கடையில் வேலை பார்ப்பவர். "வேலைக்குக் கிளம்புற அவசரத்துல சிப்ஸு பாக்கெட்ட கையில குடுத்துட்டு ஓடிடுவேன் டீச்சர். அதுவே பழகிப்போச்சு" என்று அழுதார். பாக்கெட்டுக்குப் பதில் வேகவைத்த வேர்க்கடலை என்று மெதுவாக மாற்றினார். பள்ளி விட்டதும் நான் பிள்ளைகளைக் கோகோ விளையாட வைத்தேன். எடையைத் தனித்தனியாகத்தான் இப்போது பார்க்கிறோம்.

அவள் இன்று ஆறாம் வகுப்பு. இன்னமும் கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருக்கிறாள். ஆனால் ஓடுகிறாள், பசித்தால் சாப்பிடுகிறாள். போன மாதம் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர்கள் யோசிக்காமல் காயப்படுத்தியதை ஒரு குழந்தையால் இவ்வளவு முழுதாக மன்னித்துவிட முடிகிறதே என்று எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.