பேசாமல் போன லேப்டாப்

எங்கள் கடைக்கு வரும் போன் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். மெஷின் ஸ்லோவாக ஓடுகிறது, வைரஸ் வந்துவிட்டது, பென் டிரைவில் இருந்ததெல்லாம் காணாமல் போய்விட்டது. அன்று காலை கடை திறந்த கையோடு வந்த அழைப்பு வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, எங்க லேப்டாப் பேச மாட்டேங்குது" என்றது ஒரு பெண் குரல்.

சவுண்ட் டிரைவர் கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். "ஸ்பீக்கர்ல சத்தமே வரலியாம்மா?"

"சத்தம் வருதுங்க. அண்ணன் பாட்டு போட்டுப் பாத்துச்சு, நல்லா கேக்குது. பேச்சுதான் இல்ல. எனக்குக் கண்ணு தெரியாது. அது பேசினாத்தான் திரையில என்னா இருக்குன்னு எனக்கு வெளங்கும்."

நான் இலங்கை மலையகத்தில், பதுளை பஜாரில் ஒரு கம்பியூட்டர் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன். பெயர் ஜெயந்தி. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பண்டாரவளையில் கோர்ஸ் படித்து, இந்தக் கடையில் சேர்ந்து பல வருஷமாகிறது. இப்போது புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு வேலை பழக்குவதும் நான்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த அழைப்பு வரும்வரை கண் தெரியாத ஒருவருடைய மெஷினில் நான் கை வைத்ததில்லை. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் சாப்ட்வேர் உண்டு என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

"கொண்டு வாங்க, பாப்போம்" என்றேன்.

மறுநாள் பூனாகலையிலிருந்து இரண்டு பஸ் மாறி அண்ணனும் தங்கையும் வந்து சேர்ந்தார்கள். தங்கையின் பெயர் சிவகாமி. பார்வையற்றோர் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை வரை முடித்தவள். தமிழ், சிங்களம் இரண்டும் நன்றாகப் பேசுவாள். அண்ணன் தங்கராசுவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான்தாங்க கெடுத்துட்டேன்" என்றார். "நெட் போட்டதும் ஒரு பொட்டி வந்துச்சு. வைரஸ் இருக்கு, உடனே சுத்தம் பண்ணுங்கன்னு செவப்பா எழுதியிருந்துச்சு. நல்லதுக்குத்தானேன்னு அமுக்கினேன். அது பாட்டுக்கு ஓடி, முடிஞ்சிருச்சுன்னு பச்சையா காட்டுச்சு. அதுக்கப்புறம்தான் இப்படி."

"அண்ணே, அத விடு" என்றாள் சிவகாமி. "அக்காகிட்ட திங்கக்கெழம விசயத்தச் சொல்லு."

அண்ணன் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். பதுளையில் ஒரு தனியார் மருத்துவமனையில் போன் எடுத்து, டாக்டரைப் பார்க்க நம்பர் போட்டுக் கொடுக்கும் வேலைக்கு ஆள் தேடியிருக்கிறார்கள். தோட்டங்களிலிருந்து அழைப்பவர்களுக்குத் தமிழில் பதில் சொல்ல அங்கே ஆளில்லை. இவள் போனில் பேசியே மெனேஜருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. கண் தெரியாது என்று சொன்னதும் அந்த அம்மா யோசித்துவிட்டு, திங்கட்கிழமை வந்து உன் லேப்டாப்பிலேயே ஒரு நாள் வேலை செய்து காட்டு, பிறகு முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார்.

"பேசினா நான் செஞ்சிருவேன் அக்கா" என்றாள். "பேசலன்னா போகவே வேணாம்."

எங்கள் முதலாளி நவாஸை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவர் கவுண்டரிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "தங்கச்சி, போட்டுக் கொழப்பிக்காம போர்மட் பண்ணிப் புதுசா போட்டுக் குடுங்க. நாளைக்கே குடுத்துரலாம்" என்று என்னிடம் சொன்னார். கடையில் எப்போதும் செய்வது அதுதான். வேகமான வழியும் அதுதான்.

நானும் தலையாட்டிவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "உள்ளுக்கு முக்கியமா எதுவும் இருக்கா? போட்டோ, டொகியுமன்ட் ஏதாச்சும்?"

"போட்டோ எனக்கு எதுக்குங்க" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நான் அதுக்குப் பேர் சொல்லிக் குடுத்து வச்சிருக்கேன். அது போயிரக் கூடாது."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். தோட்டத்துப் பெயர்களையும் டாக்டர்மாரின் பெயர்களையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தால் அந்தக் குரல் கண்டபடி வாசிக்கும். எது எந்தத் தோட்டம் என்றே தெரியாது. அதனால் ஒவ்வொரு பெயரையும் இப்படித்தான் உச்சரிக்க வேண்டும் என்று அவள் ஒன்றொன்றாகத் திருத்தி வைத்திருந்தாள். படிக்கும் காலத்தில் தொடங்கிய வேலை. இந்த வேலைக்காக அந்த மருத்துவமனைக்கு வரும் டாக்டர்களின் பெயர்களையும் விசாரித்துச் சேர்த்திருந்தாள். போர்மட் பண்ணியிருந்தால் அத்தனையும் போயிருக்கும். எந்தப் பேக்கப்பிலும் நான் அதை எடுத்திருக்க மாட்டேன். அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாதே.

நானாவைப் பார்த்தேன். "போர்மட் வேணாம். மெதுவாவே பாருங்க" என்றார்.

லேப்டாப்பைத் திறந்தேன். தங்கராசு அமுக்கியது கிளீனர் என்ற பெயரில் வருகிற போலி சாமான். இல்லாத பிழைகளை நூற்றுக்கணக்கில் காட்டிப் பயமுறுத்தும். ஆனால் உள்ளே போனதும் இரண்டு காரியங்களைச் செய்திருந்தது. மெஷின் ஒன் ஆகும்போது தானாக ஓடும் புரோகிராம்களை எல்லாம் நிறுத்தியிருந்தது. பேசும் சாப்ட்வேரைச் சந்தேகத்துக்குரியது என்று சொல்லி, குவாரண்டைன் என்ற தனிச் சிறையில் அடைத்திருந்தது.

அடைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கண் தெரியாதவர் எந்த கீயை அமுக்குகிறார் என்பதை அந்த சாப்ட்வேர் ஒவ்வொன்றாகக் கவனித்தால்தான் அதை வாசித்துக் காட்ட முடியும். பாஸ்வேர்ட் திருடுகிற வைரஸும் அதே மாதிரி ஒவ்வொரு கீயையும் கவனிக்கும். ஆன்டிவைரஸின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அந்த எச்சரிக்கைப் பெட்டியில், இதை அடைக்கவா விடவா என்று ஒரு கேள்வி வந்திருக்கும். அந்தக் கேள்வியும் திரையில்தான் வந்திருக்கும். தங்கராசு அதையும் அமுக்கியிருப்பார்; சிவகாமிக்கு அது தெரிய வழியில்லை.

முதலில் குவாரண்டைனில் இருந்த பைல்களை வெளியே எடுத்தேன். பெயர்கள் இருந்த பைலைத் தேடிப் பிடித்து ஒரு பென் டிரைவில் கொப்பி பண்ணினேன். அதன்பிறகே கிளீனரைக் கழற்றினேன். அது லேசில் போகவில்லை. நீக்கினால் திரும்ப முளைத்தது. சேஃப் மோடில் போய் வேரோடு எடுக்க மத்தியானமாகிவிட்டது. பிறகு நல்ல ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டு, பேசும் சாப்ட்வேரைத் தொடக் கூடாது என்று எக்ஸ்க்ளூஷனில், அதாவது விலக்குப் பட்டியலில் சேர்த்து, மெஷின் ஒன் ஆகும்போது அது தானாக ஓடும்படி செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

லேப்டாப் பேசியது. இயந்திரக் குரல், அத்தனை வேகம். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சிவகாமி கையை நீட்டி கீபோர்டைத் தேடினாள். விரல்கள் ஓடின. குரல் நின்று நின்று பேசியது. தங்கராசு அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது பழைய வேர்ஷன்மா. புதுசு போட்டுத் தரவா?" என்று கேட்டேன்.

"கொரல் மாறிருமா?"

"கொஞ்சம் மாறும்."

"அப்ப வேணாங்க. இந்தக் கொரல்லதான் நான் படிச்சேன்."

சரியென்று விட்டுவிட்டேன். பென் டிரைவை அவள் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை நான் இன்னொருவருடைய மெஷினைப் பிரித்துப் போட்டிருந்த நேரத்தில் போன் வந்தது. சிவகாமிதான். குரலை அடக்கிப் பேசினாள்.

"அக்கா, ஆஸ்பத்திரியில இருக்கேன். இவங்க நெட்வொர்க்ல சேக்குறதுக்கு முந்தி இவங்களோட ஆன்டிவைரஸ் போட்டாங்க. திரும்பப் பேச்சு நின்னுருச்சு."

பின்னால் ஒரு பெண் சிங்களத்தில் பேசுவது கேட்டது. பரவாயில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார் அவர். மெனேஜராக இருக்க வேண்டும். சிவகாமி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவரிடம் சிங்களத்தில் சொன்னாள்: மேடம், லேப்டாப்தான் ஊமையாகியிருக்கிறது, நான் இல்லை. அரை மணி நேரம் கொடுங்கள். அது பேசாவிட்டால் நானே எழுந்து போய்விடுகிறேன்.

அதற்குப் பதில் என்ன வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. "வாங்க அக்கா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நானாவிடம் சொன்னேன். அவர் உடனே தன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். "ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன். பஸ்ஸப் பாத்துக்கிட்டு நிண்டா நேரம் போயிரும்" என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையின் ஐ.டி. பொறுப்பாளர் சமிந்த என்ற இளைஞர். லேப்டாப்பை மேசையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தார். நாங்கள் சிங்களத்தில் பேசினோம். மருத்துவமனையின் ஆன்டிவைரஸை சேர்வரிலிருந்து கட்டுப்படுத்துகிறார்கள். நான் போட்ட எக்ஸ்க்ளூஷன் அதற்குச் செல்லாது. சேர்வரில் சமிந்த அனுமதி கொடுத்தால்தான் உண்டு.

அவர் தயங்கினார். "இது எல்லா கீயையும் கவனிக்கிற புரோகிராம். இங்கே நோயாளிகளுடைய விவரங்கள் இருக்கின்றன. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய பைலுக்கு நான் எப்படி அனுமதி கொடுப்பது?"

அவர் சொன்னது நியாயம். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். இந்தப் பைலை எத்தனையோ வருஷத்துக்கு முன் யாரோ ஒரு சீடியிலிருந்து ஏற்றியிருக்கிறார்கள். இது எங்கள் சாப்ட்வேர்தான் என்று தயாரித்தவர்கள் போடும் டிஜிட்டல் கையெழுத்துகூட அதில் இல்லை. புதிய வேர்ஷனில் இருக்கும். தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே நேராக இறக்கி, கையெழுத்தைச் சரிபார்த்தால் அனுமதி தருவீர்களா என்று கேட்டேன். உடனே சரியென்றார்.

ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவள் சிவகாமி. அவள் பக்கத்தில் போய்க் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். "கொரல் மாறிரும்மா."

அவள் கை கீபோர்டின் மேலேயே இருந்தது. "பேரெல்லாம் வருமா?"

"பென் டிரைவ் இருக்கா?"

கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "அப்ப மாத்துங்க அக்கா. பழகிக்கிறேன்."

சமிந்தவே இறக்கினார். கையெழுத்தை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். சேர்வரில் அனுமதி போட்டார். நான் பெயர்களின் பைலை உள்ளே வைத்தேன். புதிய குரல் எழுந்தது. சிவகாமி முகத்தைச் சுளித்தாள். வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள், தொனியை மாற்றினாள். பிறகு பூனாகலை என்று இங்கிலீஷில் அடித்தாள். குரல் சரியாகச் சொன்னது. ஒரு டாக்டரின் நீளமான பெயரை அடித்தாள். அதையும் சரியாகச் சொன்னது. அவள் தோள்கள் இறங்கின.

கேட்ட அரை மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. மெனேஜர் ஹெட்செட்டை எடுத்துத் தன் கையாலேயே அவளுக்குக் கொடுத்தார். ஒரு காதில் போன், இன்னொரு காதில் லேப்டாப். முதல் அழைப்பு ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து. யாரோ ஒரு அம்மா, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த டாக்டர் என்று தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "பதறாதீங்கம்மா, புள்ளைக்கு எத்தன வயசு?" என்று சிவகாமி கேட்டாள். கேட்டுக்கொண்டே டைப் பண்ணினாள். நான் சத்தம் போடாமல் வெளியே வந்தேன். வராந்தாவில் தங்கராசு நின்றிருந்தார். கதவு லேசாகத் திறந்திருந்தது. தங்கையின் குரல் அவருக்கும் கேட்டது.

"பேசுதுங்களா?" என்றார்.

"ரெண்டுமே பேசுது" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் அவளுக்கு வேலை உறுதியானது. இப்போது பதுளையிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மெஷினைத் தொடுவதற்கு முன், இதை யார் பாவிக்கிறார், எப்படிப் பாவிக்கிறார் என்று கேளுங்கள். ஆன்டிவைரஸ் சந்தேகப்படும். அதற்காகத்தான் அதைப் போடுகிறோம். சந்தேகப்பட்டதை எல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டால் நமக்கு அங்கே வேலை இல்லை. அடைபட்டது என்ன, அது யாருக்குத் தேவை என்று விசாரிக்கிற பொறுமைதான் நம் தொழில். போர்மட் பண்ணுவது சுலபம். அதில் என்ன போகிறது என்பது அந்த மெஷினின் சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும்.

போன மாதம் சிவகாமி கடைக்குப் போன் பண்ணினாள்.

"அக்கா, இங்க இன்னொருத்தர எடுக்கப் போறாங்க. அப்புத்தளைப் பக்கத்துப் பையன், அவருக்கும் கண்ணு தெரியாது. அவரோட மெஷின இப்பவே ரெடி பண்ணிக் குடுங்க. மொத நாள் எனக்கு நடந்த மாதிரி அவருக்கு நடக்கக் கூடாது."

அந்தப் பையனின் மெஷின் கடைக்கு வந்தது. அதற்கு முந்தின நாளே சமிந்த தேவையான அனுமதிகளையும் ஆஸ்பத்திரியில் நம்பர் போடும் புரோகிராமையும் அனுப்பி வைத்திருந்தார். எல்லாவற்றையும் போட்டு முடித்ததும், மெஷினின் திரையை முழுக்க இருட்டாக்கிவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். நோயாளியின் பெயரை அடித்து, டாக்டரைத் தேர்ந்தெடுத்து, நம்பர் போடுகிற வேலையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை காதால் கேட்டே செய்து பார்த்தேன். மெதுவாகத்தான் வந்தது. நடுவில் வேண்டுமென்றே ஒரு ஆன்டிவைரஸ் எச்சரிக்கையை வரவழைத்தேன். அந்தக் கேள்வியைக் குரல் முழுவதுமாக வாசித்து முடித்துவிட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தது.