குப்புறக் கிடந்த ஃபோன்

"...உங்க இயேசு உங்களுக்கு உண்மைங்க, எனக்கு வேறொண்ணு உண்மை. ஆளாளுக்கு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே!" என்று சிரித்தார், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐ.டி. கம்பெனிக்காரர். அவர் கழுத்தில் பெரிய பிளாஸ்திரி. அதைப் பார்த்துத்தான், "உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுங்களா?" என்று கேட்டிருந்தேன்.

"உண்மை ஒண்ணுதானுங்களே?" என்றேன். அவர் பேச்சு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மடியில் குப்புறக் கிடந்த ஃபோன் அதிரும்போதெல்லாம், பாம்பை அமுக்குவதுபோல உள்ளங்கையால் அமுக்கினார்.

துடியலூர் தாண்டியதும் மறுபடி அதிர்ந்தது.

"டாக்டருங்க. கட்டியில எடுத்த டெஸ்ட்டு ரிசல்ட்டா இருக்கும்."

"எடுங்களேன்."

"உண்மை ஒண்ணுதான்னீங்களே? நீங்களே கேட்டுப்போடுங்க" என்று ஃபோனை என் கையில் திணித்துவிட்டு, இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டார்.