கூப்பிடக் கூடாத நேரம்

லிப்ட் மெக்கானிக்குக் கட்டினவள் வைத்த பெயர் ‘பிணம்’. வேடிக்கைக்குத்தான். கூட வேலை பார்த்தவன் லிப்ட் குழியில் நசுங்கிச் செத்ததைக் கண்ணால் பார்த்ததிலிருந்து மனிதருக்குத் தூக்கமே போயிற்று. புத்த விகாரையில் ஒரு பிக்கு மரண தியானம் சொல்லிக் கொடுத்தார். காலையில் முன்னறையில் பாயை விரித்து, கண்ணை மூடி, மல்லாந்து படுப்பார். சாவு நிச்சயம், உயிர்தான் நிச்சயமில்லை. இந்த உடம்பும் ஊதும், நீலம் பாயும், புழு வைக்கும், எலும்பாகும், பொடியாகும். இப்படி நினைத்து நினைத்தே மனிதர் தேறினார். முன்கோபம் போனது, சாப்பாட்டில் குறை சொல்வதும் நின்றது. சாவைப் போல ஒரு வாத்தியார் கிடையாதுதான்.

ஒரே ஒரு கண்டிப்பு. தானாக எழும் வரை தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. அவளுக்கு அது வசதிதான். சட்டைக் கம்பெனியில் தையல் வேலை. காலையில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடுகிறவள்.

அன்றும் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். முன்னறையில் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம்.

“பிணத்துக்குச் சளி பிடிச்சிருக்கு போல,” என்று தனக்குள் சிரித்தாள். திரும்பவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு, பையைத் தேடியெடுத்து, அவர் தலைமாட்டைச் சுற்றி வெளியே ஓடினாள்.

சாயங்காலம் சோறு மூடினபடி இருந்தது. அவரும் பாயிலேயே கிடந்தார். முகம் மட்டும் அடுப்படிப் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது.

“காலையிலேயே மாரடைப்பு வந்திருக்கு. அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா...” என்று டாக்டர் இழுத்தார்.

பிக்கு வந்தபோது அவள் ஒன்றுதான் கேட்டாள். “சாமி, அந்த நேரத்துல அவரு தியானத்துல இருந்தாரா, இல்ல என்னைக் கூப்பிட்டாரா?”

“இத்தனை வருஷம் தியானம் பழகினவரும்மா. அமைதியாத்தான் போயிருப்பாரு.”

“நீங்க பார்த்தீங்களா?”

“இல்லம்மா,” என்றார் பிக்கு. பொய் சொல்லாததற்காவது அவரைப் பாராட்ட வேண்டும்.

துணைக்கு வந்திருந்த தங்கை அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இவள் அதே பாயை விரித்து, அவர் கிடந்தபடியே முகத்தைத் திருப்பிப் படுத்தாள். சாவை நினைக்க அல்ல. அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று பார்க்க. மெல்ல, மிக மெல்லத்தான் செருமினாள்.

தங்கை குழாயை மூடிவிட்டு உடனே திரும்பினாள்.

“என்னக்கா, கூப்பிட்டியா?”