பட்டவனுக்கு ஒரு துப்பாக்கி

சின்னத்தாய் பழங்காநத்தத்து போட்டோ ஸ்டுடியோவுக்குள் நுழைந்தது படம் எடுத்துக்கொள்ள அல்ல. மலையும் ஏரியும் வரைந்த திரைச்சீலைக்குப் பக்கத்தில், மூலையில் சாத்தியிருந்த துப்பாக்கியை விலைக்குக் கேட்டாள்.

ஸ்டுடியோக்காரர் ஹாலாஸ்யம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நிஜத் துப்பாக்கி அல்ல என்று எடுத்துச் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத் துப்பாக்கியைப் பார்த்து ஒரு தச்சர் அச்சாகச் செய்து கொடுத்தது. உடம்பு மரம், குழலுக்குத் தண்ணீர்க் குழாய். பக்கத்திலிருக்கும் இரும்புப் பிடியை இழுத்துத் தள்ளினால் கடக்கென்று சத்தம் வரும், அவ்வளவுதான். பட்டாளத்துக்குப் போகிறவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பதற்காக வைத்திருக்கிறார்.

"தெரியுங்க," என்றாள் சின்னத்தாய். "எங்க வீட்டுக்காரரும் இதப் பிடிச்சுத்தான் படம் எடுத்தாரு."

பேர் என்ன, எந்த வருஷம் என்று அவர் கேட்டார். வருஷத்தைச் சொன்னாள். பேரைச் சொல்லவில்லை. அவள் ஊரில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள்.

அந்தப் பேர் வீரணன். பட்டாளத்தில் சமையல்காரன். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் சமையல் கூடாரத்துக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தது. ஒரு கடுதாசியும் ஒரு தகரப் பெட்டியும் வந்தன. பெட்டியில் இரண்டு கம்பளி, ஒரு நீளக் கரண்டி.

பரவைக்கு மேற்கே அவர்கள் ஊரில், ஆயுதத்தால் மாண்ட பங்காளிகளைப் பட்டவன் என்று கும்பிடுவார்கள். மாசிப் படையலில் ஒவ்வொரு பட்டவனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு வைப்பார்கள். எட்டு வருஷமாக வீரணனை யாரும் கூப்பிடவில்லை. கேட்கும்போதெல்லாம் கொழுந்தன் முத்திருளன் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தான்.

"ஆயுதத்தப் பிடிச்சு விழுந்தாத்தான் மதினி பட்டவன். எங்கண்ணன் கரண்டியப் பிடிச்சுல்ல விழுந்தாரு."

பிள்ளை குட்டி கிடையாது. அவள் வாயாலும் சொல்லக் கூடாது. படையலிலும் கூப்பிடாவிட்டால் அந்தப் பேர் இனி ஒருவர் வாயிலும் வரப்போவதில்லை. அதற்காகத்தான் கன்றுக்குட்டியை விற்றுவிட்டு வந்திருந்தாள். ஹாலாஸ்யம் கடைசியில் துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்தார்.

பழைய சேலையில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டு பஸ்ஸில் போனாள். குழல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தான்.

"என்னக்கா, பஸ்ஸக் கடத்தப் போறீகளா? எதுக்கும் டிக்கெட்ட வாங்கிட்டுக் கடத்துங்க."

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

ஊரில் போய், பட்டாளத்து ஆபீசில் கொடுத்தார்கள், அவர் கையில் பிடித்தது என்று சொன்னாள். பின்பாதி பொய்யில்லை. முத்திருளன் பிடியை இழுத்து மூன்று தரம் கடக், கடக்கென்று அடித்துப் பார்த்தான். முகம் மலர்ந்துபோயிற்று. அண்ணன் மேல் வந்த பாசம் அல்ல அது. பக்கத்து ஊர்ச் சாமி கையில் வெறும் அரிவாள்தான் இருக்கிறது.

படையலன்று காலையில் உசிலமரத்தடியில் துப்பாக்கியை ஊன்றி, சந்தனம் பூசி, மாலை போட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வீரணன் பேரைப் பூசாரியிடம் சொல்லிவைத்தாயிற்று.

உச்சிப் பொழுதில் முத்திருளனின் மச்சினன் காசிமாயன் வந்தான். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்து திரும்பியவன். துப்பாக்கியைச் சுற்றி வந்து, குனிந்து, அடிக்கட்டையிலிருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்தான். அங்கே ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

"இந்த வெட்டு எனக்குத் தெரியும் மாப்ள. பழங்காநத்தத்து ஸ்டுடியோவுல நானுந்தான் இதப் பிடிச்சு நின்னேன். கீழ போட்டுப் பேத்ததே நான்தான். எனக்கும் ஒரு மாலையப் போடுங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிடுங்கி எறிவார்கள், எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று சின்னத்தாய் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் பிடுங்கவில்லை. பங்காளிகள் தள்ளிப் போய்ப் பேசினார்கள். பிறகு முத்திருளன் மட்டும் அவளிடம் வந்தான்.

"ஊண்டுனது ஊண்டுனதாவே இருக்கட்டும் மதினி. பக்கத்தூர்க்காரன் பாத்துட்டுப் போயிட்டான். இனிமே எடுத்தா நமக்குத்தான் அசிங்கம். பேரு மட்டும் வேணாம்."

"பேரு இல்லாம அது யாருக்கு?"

"சாமிக்கு."

பூசாரி பழைய பட்டவன்கள் மூவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நாலாவதாக, "துப்பாக்கிச்சாமி" என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். முதலில் சிரித்த காசிமாயன்தான் முதலில் கையெடுத்துக் கும்பிட்டான்.

பொங்கல் பரிமாறுவது மூத்த மருமகள் வேலை. சின்னத்தாய் பெட்டியிலிருந்த நீளக் கரண்டியைக் கொண்டுவந்திருந்தாள். அதை வைத்துத்தான் கிண்டினாள், அதை வைத்துத்தான் பரிமாறினாள். யாருக்கும் அது கண்ணில் படவில்லை. பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்திருந்த முத்திருளன் இன்னொரு கரண்டி பொங்கல் கேட்டான்.

வைத்தாள். வைத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து ஒருதரமும் சொல்லாத பேரைச் சொன்னாள்.

"வீரணன் கரண்டி. நல்லாத் தின்னுங்க."

அந்நேரம் பார்த்து உறுமி மேளக்காரன் காதடைக்க இழுக்கத் தொடங்கியிருந்தான். முத்திருளன் வாயில் சோற்றோடு நிமிர்ந்து, என்ன சொன்னாள் என்று சைகையில் கேட்டான்.

சின்னத்தாய் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

"உப்புப் போதுமான்னு கேட்டேன் தம்பி."